ஸ்டாக் மாற்றினால் உதை குறையுமா? ரைஃபிள் கட்டைகள் குறித்துக் கேள்வி பதில்

ரைஃபிளின் பேரலைத் தாங்கித் தோளில் பதியும் கட்டைதான் ஸ்டாக்; சுடும்போது அது பின்னோக்கித் தோளைத் தள்ளுவதே உதை. ரைஃபிளோடு ஆலையிலிருந்து வரும் கட்டையை எடுத்துவிட்டு வேறு ஸ்டாக் பொருத்துவது குறித்துச் சென்னையின் பல பகுதிகளிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பதில்களுக்கு முன் இரண்டு செய்திகள். ஸ்டாக்கில் கை வைக்கும் முன், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி, தோட்டா அமரும் சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது என்பதால், வெளிநாட்டிலிருந்து ஸ்டாக் வரவழைப்பதற்கு முன் உரிமம் வழங்கிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொருத்தும் வேலையை உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி செப்பனிடுபவரிடம்) மட்டுமே கொடுங்கள்.

அம்பத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்: ஐயா, என்னிடம் இருப்பது 30-06 தோட்டா போடும் போல்ட் ஆக்ஷன் ரைஃபிள், மெல்லிய பிளாஸ்டிக் கட்டை. இருபது ரவுண்டு சுடுவதற்குள் தோள் வலிக்கிறது, கன்னத்திலும் அடி விழுகிறது. எந்த ஸ்டாக் வாங்கினால் உதை குறையும்?

பதில்: தோள் வலியையும் கன்னத்து அடியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

முதலில் தோள். ஏறத்தாழ 9.7 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 890 மீட்டர் வேகத்தில் முன்னே செல்கிறது; அதன் பின்னால் 3 கிராமுக்குச் சற்று அதிகமான வெடிமருந்து வாயுவாக அதைவிட வேகமாகப் பீறிடுகிறது. இரண்டையும் சேர்த்தால் பின்னோக்கி வரும் உந்தம் வினாடிக்குச் சுமார் 12.6 கிலோகிராம் மீட்டர் ஆகிறது. எந்த ஸ்டாக்கைப் பொருத்தினாலும் இந்த எண் மாறாது. மாறுவது அந்த உந்தத்தை ஏற்கும் துப்பாக்கியின் எடைதான். மூன்றரைக் கிலோ துப்பாக்கி நொடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில் பின்வாங்கி, சுமார் 22.7 ஜூல் ஆற்றலைத் தோளில் இறக்குகிறது. அதே தோட்டா நாலரைக் கிலோ துப்பாக்கியில் சுமார் 17.6 ஜூல்தான் தருகிறது. ஒரு கிலோ எடை கூடியதும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைந்துவிடுகிறது. ஆகவே உதை குறைய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, கிடைப்பதிலேயே மிக இலேசான ஸ்டாக்கைத் தேடுவது ஒன்றுக்கொன்று முரணான ஆசை.

அடுத்து ரப்பர் பேட். 22.7 ஜூல் ஆற்றல் இரண்டு சென்டிமீட்டர் தொலைவுக்குள் அடங்கினால் தோளில் விழும் சராசரி விசை 1,130 நியூட்டனை ஒட்டி இருக்கும். அது மூன்று சென்டிமீட்டரில் அடங்கினால் 760 நியூட்டனுக்கு இறங்கிவிடும். லிம்ப்சேவர், பாக்மேயர் டிசெலரேட்டர் போன்ற மென்மையான பேட்கள் செய்வது இந்த ஒரு சென்டிமீட்டர் வேலையைத்தான். இருந்தும், தோளுக்கும் பட் எனப்படும் கட்டையின் பின்பகுதிக்கும் நடுவே இடைவெளி விட்டுப் பிடிப்பவருக்கு எந்த பேட்டும் உதவாது.

இனிக் கன்னம். பட்டின் குதிகால் பகுதி, அதாவது அதன் மேல்மூலை, பேரல் கோட்டிலிருந்து அதிகம் கீழிறங்கியிருந்தால், உதையின் கோடு தோளுக்கு மேலே செல்வதால் பேரல் முனை எழும்பி, கட்டையின் மேல்விளிம்பு கன்ன எலும்பில் மோதுகிறது. டெலஸ்கோப்புக்காகத் தலையைத் தூக்கித் தாடையால் மட்டும் கட்டையைத் தொடுபவருக்கு இந்த அடி இன்னும் கடுமையாக விழும். குதிகால் உயர்ந்து நேர்க்கோட்டில் அமைந்த, சீக் பீஸை (கன்னம் பதியும் மேடையை) ஏற்றி இறக்க வழியுள்ள ஸ்டாக்கே இதற்குத் தீர்வு. மக்மில்லன் ஃபைபர்கிளாஸ் கட்டைகளிலும், கேஆர்ஜி பிராவோ போன்ற அலுமினிய முதுகெலும்புள்ள கட்டைகளிலும் இத்தகைய அமைப்பு கிடைக்கிறது.

ஆனால் முதலில் பேட்டை மாற்றுங்கள், கன்னத்துக்குக் கட்டும் பட்டையால் உயரத்தைச் சரிசெய்யுங்கள், அதன்பின் சுட்டுப் பாருங்கள். அநேகமாக ஸ்டாக் வாங்கும் செலவே மிச்சமாகும்.

தாம்பரத்திலிருந்து: எங்கள் அப்பா வைத்திருந்த .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் இப்போது என் பெயரில் இருக்கிறது. மேக்புல் ஹன்டர் கட்டையை இதில் பொருத்தலாமா?

பதில்: பொருத்த முடியாது. ரெமிங்டன் 700 போன்ற ஒருசில ரைஃபிள்களின் ஆக்ஷனுக்காக (போல்ட் ஓடும் எஃகுக் கூட்டுக்காக) செய்யப்பட்ட கட்டை அது. தங்களுடையது பழைய பிரிட்டிஷ் இராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டு வழியில் வந்தது. முன்கட்டையும் பட்டும் தனித்தனித் துண்டுகள். பட்டின் உள்ளே ஓடும் நீண்ட திருகு போல்ட்தான் அதை ஆக்ஷனோடு பிணைக்கிறது. பழைய நம்பர் 1 வகையில் முன்கட்டையைக் கழற்றாமல் அந்தப் போல்ட்டைத் திருகினால், அதன் சதுர முனை முன்கட்டையின் மரத்தை உள்ளிருந்தே பிளந்துவிடும். அப்பாவின் துப்பாக்கி என்கிறீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: வீட்டில் திருகுளியைத் தொடாதீர்கள்.

தங்களுக்கு வேறொரு நல்ல வழி உண்டு. அந்தக் காலத்து இராணுவம் லீ என்ஃபீல்டு பட்களை இயல்பு நீளத்தோடு, அரை அங்குலம் கூடுதலாகவும், அரை அங்குலம் குறைவாகவும், ஓர் அங்குலம் குறைவாகவும் செய்து வைத்திருந்தது. ஆளுக்கேற்ற நீளம் முக்கியம் என்பதை அவர்கள் அறிந்தே செய்தார்கள். தங்கள் பட்டின் நீளத்தைக் கன்ஸ்மித்திடம் சரிசெய்து, ஒரு ரப்பர் பேட் வைத்தாலே போதும்.

வேளச்சேரியிலிருந்து: கார்பன் ஃபைபர் ஸ்டாக் உதையை உறிஞ்சிக்கொள்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நண்பரின் துப்பாக்கியில் உணர்ந்திருக்கிறேன். நீங்கள் எடையை மட்டுமே பேசுகிறீர்கள்.

பதில்: உறிஞ்ச வேண்டுமானால் கட்டை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அமுங்க வேண்டும். கார்பன் ஃபைபரின் சிறப்பே அது வளையாமல் விறைத்து நிற்பதில் இருக்கிறது. விறைப்பையும் உறிஞ்சுதலையும் ஒரே பொருளிடம் எதிர்பார்க்க முடியாது. நண்பரின் கட்டையில் நல்ல பேட் இருந்திருக்கும், அல்லது அதன் நீளம் தங்களுக்குப் பொருந்தியிருக்கும். இலேசான கார்பன் கட்டை உதையைக் கூட்டவே செய்யும்.

கிண்டியிலிருந்து, இயந்திரப் பொறியியல் கற்பிப்பவர்: உந்தக் கணக்கு சரிதான். ஆனால் மனிதர் உணர்வது ஆற்றலை மட்டுமா? அதிர்வும் உண்டல்லவா? மரமும் நாரிழைக் கலவையும் அதிர்வை விரைவில் தணிக்கும், அலுமினியம் தணிக்காது. வேளச்சேரி நண்பர் சொல்வதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

பதில்: தாங்கள் எழுப்பியது நல்ல கேள்வி. சுட்டவுடன் தோளைத் தள்ளும் பெரிய அசைவு ஒன்று. கட்டை முழுவதும் ஓடிக் கன்னத்திலும் உள்ளங்கையிலும் சுரீரென்று உறைக்கும் நடுக்கம் மற்றொன்று. அலுமினிய சேஸிஸில் (கட்டைக்குப் பதிலான உலோகச் சட்டத்தில்) வெற்று உலோகத்தின் மேல் கன்னம் வைப்பவருக்கு அந்த நடுக்கம் நன்றாகவே தெரியும். நாரிழைக் கலவையிலும் வால்நட் மரத்திலும் அது மழுங்கிவிடுகிறது. ஆகவே நண்பர் உணர்ந்தது பொய்யன்று. ஆனால் அது நடுக்கம் குறைந்ததால் வந்த சுகம், தள்ளுதல் குறைந்ததால் வந்ததன்று. இந்த வேறுபாடு பணத்தோடு தொடர்புடையது என்பதால் விடாமல் சொல்கிறேன். அலுமினிய சேஸிஸில் சீக் பீஸுக்கு மேல் நுரை ஒட்டி, பிடியில் ரப்பர் போட்டால் நடுக்கத்தின் பெரும்பகுதி போய்விடும். தோள் வலிக்குத் தீர்வு எடையிலும் பேட்டிலும் பொருத்தத்திலும் மட்டுமே இருக்கிறது.

பெசன்ட் நகரிலிருந்து: அப்படியானால் மரமே சிறந்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள். என் வால்நட் கட்டைக்கு நிகராகக் கையில் அமர்ந்த கட்டை வேறு இல்லை.

பதில்: கையில் அமர்வதில் மறுப்பே இல்லை. அந்த இழையின் அழகுக்கும், வெயிலில் சுடாத, குளிரில் உறைக்காத அதன் தொடுகைக்கும் ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். என் கவலை தாங்கள் வாழும் கடற்கரையைப் பற்றியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி, இழைக்குக் குறுக்காக வீங்குகிறது. குளிர்சாதன அறையிலும் அக்கினி வெயிலிலும் சுருங்குகிறது. முன்கட்டை சற்றே திரும்பிப் பேரலைத் தொட்டால், நேற்று பத்துப் புள்ளியில் விழுந்த குண்டு இன்று எட்டுக்குப் போகும். சுடுபவரோ தன் மூச்சையும் டிரிக்கரையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தாள் துண்டைப் பேரலுக்கும் முன்கட்டைக்கும் இடையே நுழைத்து, ஆக்ஷன் வரை தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். பேட்டைக் கழற்றினால் தெரியும் பட்டின் வெட்டுமுனை பெரும்பாலும் மெருகு பூசப்படாமல் கிடக்கும். ஈரம் அந்த வழியாகத்தான் நுழைகிறது. அதையும் ஆக்ஷன் அமரும் உட்குழியையும் கன்ஸ்மித்திடம் மூடச் சொல்லி, திருகுகளைச் சுற்றி அலுமினியத் தூண்கள் வைத்துப் பெடிங் (ஆக்ஷன் ஆடாமல் அமரும் படுகை) செய்யச் சொல்லுங்கள். மெல்லிய மரத்தகடுகளைப் பிசினில் ஒட்டிய லாமினேட் கட்டை இந்த ஊருக்கு நல்ல நடுவழி. எடை கூடுதல் என்பதால் உதைக்கும் நன்று.

மீண்டும் வேளச்சேரியிலிருந்து: மரத்தைக் குறை சொல்கிறீர்கள், கார்பனையும் குறை சொல்கிறீர்கள். அலுமினியத்துக்குக் குறையே இல்லையா?

பதில்: உண்டு. எஃகு ஆக்ஷனும் அலுமினியமும் தொடும் இடத்தில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் அரிப்பு தொடங்கும். சுட்டு முடித்ததும் துடைத்து, ஈரமான உறையில் வைக்காமல் காற்றாட விடுங்கள். நான் எந்தப் பொருளையும் தாழ்த்தவில்லை. பொருளைப் பார்த்து வாங்காதீர்கள், உடலைப் பார்த்து வாங்குங்கள் என்கிறேன்.

போரூரிலிருந்து: எந்த பிராண்ட் ஸ்டாக் சிறந்தது?

பதில்: அம்பத்தூர் உறுப்பினருக்கு எழுதியதைப் படியுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து: மேனர்ஸா, மக்மில்லனா, எதில் உதை குறைவு?

பதில்: ஒரே எடை, ஒரே வடிவம், ஒரே பேட் என்றால் உதையும் ஒன்றே. இதே கேள்வி பெயர்களை மட்டும் மாற்றிப் பலரிடமிருந்து வந்திருக்கிறது. அனைவருக்கும் இதுவே பதில்.

அண்ணா நகரிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்குப் பதினான்கு வயது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயில்கிறாள். எல்லாத் திருகும் உள்ள அலுமினிய ஸ்டாக் துப்பாக்கியே வாங்க வேண்டும் என்கிறார்கள். விலை மலைக்க வைக்கிறது.

பதில்: அம்மா, இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி தங்களுடையது. ஏர் ரைஃபிளில் உதை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அரை கிராம் பெல்லட்டின் உந்தம் அவ்வளவு சிறியது. அங்கே ஸ்டாக்கின் வேலை, ஒவ்வொரு முறையும் தலையும் தோளும் கையும் அதே இடத்தில் அமர உதவுவது மட்டுமே. வளரும் பிள்ளைக்கு நீளமும் கன்ன உயரமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஏற்றி இறக்கும் வசதி உண்மையிலேயே பயன்படும். ஆனால் அந்த வசதி மரக் கட்டையிலும் கிடைக்கிறது. விலையுயர்ந்த மாடல்தான் வேண்டும் என்பதில்லை.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். போட்டி விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. அது உச்ச வரம்பு மட்டுமே, எட்ட வேண்டிய இலக்கன்று. அவள் முதுகு வளையாமல் நிற்கும் எடையே அவளுக்கு உரிய எடை. கொக்கி போல வளைந்த பட் பிளேட் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டிக்கு உரியது, இங்கே அனுமதி இல்லை. கழுத்தை வளைத்துச் சீக் பீஸைத் தேடிப் போகிறாளா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள்; தலை நிமிர்ந்திருக்கச் சீக் பீஸ் வந்து கன்னத்தைத் தொட வேண்டும். முடிந்தவரை சுடுதளத்தின் துப்பாக்கியிலேயே பயிலட்டும், அளவுகளைக் குறித்து வையுங்கள், பிறகு வாங்கலாம்.

ஆவடியிலிருந்து: ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்குக் கனமான ஸ்டாக் போட்டால் குழுமம் (குண்டுகள் சேர்ந்து விழும் பரப்பு) சுருங்குமா?

பதில்: ஓரளவு சுருங்கும். அதற்கு முன் இறுக்கிப் பிடிப்பதை விடுங்கள். அதன் பிஸ்டன் முன்னும் பின்னுமாக இருமுறை உதைக்கிறது. உள்ளங்கையில் தளர்வாகக் கிடத்தி, அதன் போக்கில் அசைய விட்டுச் சுடுங்கள்.

நுங்கம்பாக்கத்திலிருந்து: பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டியின் ஷாட்கன்னுக்கு ஸ்டாக் அளவெடுப்பது எப்படி?

பதில்: அது என் துறையன்று. ஷாட்கன்னில் கண்ணே பின் சைட் (குறிபார்க்கும் முனை) என்பதால் அளவு இன்னும் நுட்பமானது. புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் 2024 ஒலிம்பிக் வரை சென்ற துறை அது. அதற்கென்றே உள்ள பயிற்சியாளரை அணுகுங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து: ஸ்டாக்குக்குப் பதிலாக மசில் பிரேக் (பேரல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளைக் குழாய்) போட்டால் என்ன?

பதில்: எந்த ஸ்டாக்கையும்விட உதையை அதிகம் குறைப்பது அதுதான். ஆனால் வெடியோசை பக்கவாட்டில் திரும்பி, கூரையுள்ள தளத்தில் அடுத்த பாதையில் படுத்திருப்பவரின் காதைத் தாக்கும். தளப் பொறுப்பாளரின் ஒப்புதலும் இரட்டைக் காதுக் காப்பும் இல்லாமல் வேண்டாம். அதற்கும் உரிமம், கன்ஸ்மித் என்ற அதே விதிகள்தான்.

பல்லாவரத்திலிருந்து: புதிய சேஸிஸ் பொருத்திய பிறகு குண்டுகள் சிதறுகின்றன. ஸ்டாக்கில் குறையா?

பதில்: முதலில் ஆக்ஷன் திருகுகளைப் பார்க்க வேண்டும். அலுமினிய பெடிங்குக்கு 65 அங்குல பவுண்டு, அதாவது 7.3 நியூட்டன் மீட்டர் முறுக்கம் பரவலாகச் சொல்லப்படும் அளவு. வெற்று மரத்துக்கு அது மிக அதிகம், மரம் நசுங்கிவிடும். தங்கள் சேஸிஸின் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள். துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, ரிகாயில் லக் (உதையைக் கட்டைக்குக் கடத்தும் ஆக்ஷனின் புடைப்பு) பின்சுவரில் நன்றாகப் பதிந்த பிறகு, டார்க் ரெஞ்ச் கொண்டு இரு திருகுகளையும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். முன்திருகின் முனை போல்ட் லக்கில் இடிக்கிறதா, மேகசின் பெட்டி ஆக்ஷனுக்கும் சேஸிஸுக்கும் நடுவே அழுந்தி நிற்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை சரியாக இருந்தும் சிதறினால், டெலஸ்கோப் வளையங்களைச் சோதித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். சேம்பர் காலி என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.