அப்பாவின் போனை வாங்கி வைத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், தம்பி சிங்கப்பூரில். அப்பாவுக்கு அறுபதை நெருங்குகிறது, நெல்தான். கண் விழித்தால் போன், ராத்திரி பதினொரு மணி தாண்டியும் போன். அம்மா என்ன கேட்டாலும் 'ம்' மட்டும்தான் பதில். ஐப்பசியில் யூடியூப் பார்த்துப் பயிருக்கு மருந்து அடித்தார், கார்த்திகையில் புயல் வீடியோ ஒன்றை எல்லா குரூப்புக்கும் அனுப்பி வேதாரண்யத்தில் இருக்கும் அத்தை வீட்டையே கலங்கடித்தார். போனை வாங்கிக்கொண்டு பழைய பட்டன் போனைக் கொடுத்துவிடலாமா? பொங்கல் லீவில் ஒரு நாள் முழுக்க அவர் என்னென்ன பார்த்தார் என்று எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன். — பெயர் வேண்டாம், சென்னை

பதில்: வேண்டாம். போனைப் பிடுங்கினால் அறுவடை மெஷினும் கூடவே போய்விடும்.

நீங்கள் எழுதி அனுப்பியதையே பார்ப்போம். காலை ஐந்தேகாலுக்குச் சொந்தக்காரர்கள் குரூப்பில் செம்பருத்திப் பூவோடு ஒரு காலை வணக்கம். ஐந்தரைக்கு மேட்டூர் நிலவரம், இத்தனை அடி, வரத்து இவ்வளவு கனஅடி, திறப்பு இவ்வளவு. ஏழு மணிக்கு மெஷின் புரோக்கருக்கு வாய்ஸ் மெசேஜ், "தம்பி, பக்கத்து வயலுக்கு வர்றப்பவே நம்மளதையும் முடிச்சுக் குடுத்துடு." எட்டரைக்கு, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருக்கும் பங்காளி ஈரப்பதம் பார்க்கும் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார், 18.4. பத்து மணிக்கு சிங்கப்பூரிலிருந்து உங்கள் தம்பி வீடியோ காலில் வந்து, களத்தில் கிடக்கும் நெல்லைக் காட்டச் சொல்லிப் பார்க்கிறார்.

இதில் எது வெட்டி? செம்பருத்தியை வேண்டுமானால் கழித்துவிடலாம். அந்த 18.4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொள்முதலுக்கு 17 சதவீதம்தான் வழக்கமான வரம்பு, மழை பெய்து கெடுத்த வருஷங்களில் மத்திய அரசு கொஞ்சம் தளர்த்தினால் உண்டு. தை மாதப் பனியில் சரியாக மூடாமல் கிடந்த நெல் காலையில் அப்படித்தான் காட்டும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அப்பா அன்றைக்கு மூட்டை பிடிக்காமல், தார்ப்பாயை விலக்கி நெல்லை இன்னொரு வெயில் கிளறிவிட்டார் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். டிராக்டர் வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, 'நாளைக்குக் காயவச்சு எடுத்துட்டு வாங்க' என்று கேட்டுத் திரும்பும் எரிச்சல், இத்தனையும் ஒரு போட்டோவில் மிச்சம்.

மேட்டூர் நிலவரம் பார்ப்பதும் அப்படித்தான். 120 அடி அணை, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஜூன் 12 என்று நாள் குறித்து வைத்திருந்தாலும் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை கடைசி வரை கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தோம். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாள் போல ஆகும், அங்கிருந்து வெண்ணாறு, குடமுருட்டி என்று பிரிந்து கடைமடையைத் தொட அதற்குமேலும் எத்தனையோ நாள். நாற்றங்கால் விடுவதா, நேரடியாக விதைத்துவிடுவதா என்று முடிவெடுக்கிற ஆள் அந்த எண்ணைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்? முன்பு இதற்காக டீக்கடைக்குப் போய் ஒரே பேப்பரை எட்டாகப் பிரித்துப் படித்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தவர்களை யாரும் அடிமை என்று சொன்னதில்லை. (வீட்டில் அம்மாக்கள் சொன்னார்கள், அது வேறு.)

சரி, உங்கள் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மதியத்துக்கு மேல்தான் வண்டி தடம் மாறுகிறது. ஐப்பசியில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு அவர் அடித்த மருந்து விஷயம். வீடியோ போட்டவர் எந்த ஊர், என்ன மண், என்ன ரகம், பயிருக்கு எத்தனை நாள், எதுவும் தெரியாது, டப்பா பெயர் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. இந்தப் புழுவுக்கு ஒரு கணக்கு உண்டு: தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலை சேதமானால்தான் மருந்து, அதற்குக் கீழே என்றால் சிலந்தியும் குளவியும் பார்த்துக்கொள்ளும். யூரியாவை அள்ளிப் போட்டால் புழு கூடும். பைரித்ராய்டு வகை மருந்தை அவசரப்பட்டு அடித்தால் இதற்குப் பதில் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வந்து உட்காரும். இதெல்லாம் அந்த வீடியோவிலேயே எங்காவது இருந்திருக்கலாம், ஆனால் எட்டு நிமிஷ வீடியோவில் நாம் மனசில் வைத்துக்கொள்வது மருந்துப் பெயரை மட்டும்தானே? அதனால் யூடியூப் பார்க்காதே என்று சொல்லாதீர்கள், பார்த்துவிட்டு அடிப்பதற்கு முன்னால் ஒரு ஆளைக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். இலையை விரித்துப் புழு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து உங்கள் பகுதி வேளாண்மை உதவி அலுவலருக்கு அனுப்பலாம். கிசான் கால் சென்டர் 1800-180-1551, காசு கிடையாது, காலை ஆறிலிருந்து ராத்திரி பத்து வரை தமிழில் பேசலாம். உங்கள் ஊரிலிருந்து ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் வெளியூர் இல்லை, வண்டியை எடுத்தால் போய்விடலாம்.

புயல் வீடியோ எனக்கும் வந்தது என்றே நினைக்கிறேன். தென்னந்தோப்பு முழுக்க வேரோடு சாய்ந்து கிடக்கும், பின்னால் ஒரு அம்மா அழும் குரல், அதுதானே? 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறிய பிறகு எடுத்தவை மாதிரியான படங்கள் அவை, வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் போதும், வருஷா வருஷம் புதுசாகக் கிளம்பிவிடும். அந்த மெசேஜின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கும், பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரலிலிருந்து அந்த மாதிரி மெசேஜை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும், ஆக உங்கள் அப்பா எல்லா குரூப்புக்கும் ஒவ்வொன்றாகப் பொறுமையாக அனுப்பியிருக்கிறார்! கெட்ட எண்ணம் இல்லை, நாலு பேர் உஷாராக இருக்கட்டும் என்ற நல்ல மனசுதான் இந்த வேலையைச் செய்கிறது. கஜாவில் மரத்தை இழந்தவர்கள் வீட்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு அந்தக் குரல் போனால் என்ன ஆகும் என்று ஒரு தடவை அத்தையையே அவரிடம் பேசச் சொல்லுங்கள். நீங்கள் பத்து தடவை சொல்வதைவிட அது வேலை செய்யும். அப்புறம், சென்னை வானிலை மையத்தின் அறிவிப்பையும், நம்பிப் படிக்கலாம் என்றால் தமிழ்நாடு வெதர்மேன் பக்கத்தையும் அவர் போனில் எடுத்த எடுப்பில் தெரிகிற மாதிரி வைத்துக்கொடுங்கள்.

மிச்சம் இருப்பது ராத்திரி. எட்டரைக்கு ஃபேஸ்புக்கில் யாரோ ஒருவரோடு கட்சிச் சண்டை, ஒன்பதரைக்கு மேல் ரீல்ஸ், பதினொன்றேகாலுக்குப் போன் மூக்கில் விழும் வரை. இங்கேதான் நான் அம்மா பக்கம். பகலில் அவர் தேடிப் போகிறார், ராத்திரியில் அது அவரைத் தேடி வருகிறது. எந்த வீடியோவில் விரல் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து அதே சரக்கை இன்னும் பத்து கொண்டுவந்து கொட்டும். கோபத்தில் நின்றாலும் அதற்குக் கணக்கு ஒன்றுதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டாத வீடியோவில் 'நாட் இன்ட்ரஸ்டட்' எப்படிக் கொடுப்பது என்று காட்டுங்கள், யூடியூபில் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள், ஃபேஸ்புக் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். சார்ஜரைக் கட்டில் பக்கத்திலிருந்து எடுத்துக் கூடத்தில் மாட்டுங்கள். ஒன்பதரைக்கு மேல் போன் அங்கேதான் தூங்க வேண்டும்.

அம்மாவின் போனும் சேர்த்து. அப்பாவைப் பற்றிய புகாரை உங்களுக்கு அவர் அனுப்பியது வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில், ராத்திரி பத்து ஐம்பதுக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் விவசாயிகள் குரூப்பில் 'பிஎம் கிசான் பணம் நின்றுவிட்டது, இதை இன்ஸ்டால் செய்து கேஒய்சி முடியுங்கள்' என்று ஒரு ஃபைல் வந்தது. அனுப்பியவர் தெரிந்தவர்தான். திறக்கலாமா? — ஒரு வாசகர், கீழ்வேளூர்

பதில்: தொடாதீர்கள். பெயருக்குக் கடைசியில் ஏபிகே என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது படமோ விண்ணப்பமோ கிடையாது, போனுக்குள் ஏறி உட்காரும் செயலி. ஏறிவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபியை உங்களுக்கு முன்னால் அது படிக்கும். தெரிந்தவர் அனுப்பினார் என்பதில் ஒரு தைரியமும் இல்லை, அவர் போனில் ஏறியதுதான் அவர் பெயரில் உங்களுக்கு வந்திருக்கும், அவருக்குப் போன் செய்து சொல்லுங்கள். வருஷத்துக்கு ஆறாயிரம், மூன்று தவணையாக வரும் அந்தப் பணத்துக்கு கேஒய்சி முடிக்க வேண்டும் என்றால் இ-சேவை மையத்துக்கே போய் விரல் வைத்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே யாராவது திறந்திருந்தால் உடனே நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள், போன பணம் கணக்கு கணக்காக மாறுவதற்குள் பிடித்தால்தான் உண்டு.

கேள்வி: பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் சித்தி போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். இன்னும் பேசி முடிக்கவே இல்லை. எப்படிச் சொல்வது? — ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நேராகச் சொல்லுங்கள், "சித்தி, அமையலேன்னா அவங்க வீட்டுக்கும் சங்கடம்." ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்தான், அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்களிடம் அது வருஷக்கணக்கில் இருக்கும். அடுத்த முறை வரச்சொல்லும்போதே 'நாங்க சொல்ற வரைக்கும் போட்டோ வேண்டாம்' என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள், சித்தியை மட்டும் சொன்னதாக இருக்காது.

கேள்வி: காலை வணக்கப் படங்களாலேயே போன் நிரம்பிவிடுகிறது. அனுப்பாதீர்கள் என்றால் பெரியம்மா கோபித்துக்கொள்வார். — ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: பெரியம்மா அனுப்பட்டும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வுக்குப் போய், தானாக டவுன்லோட் ஆகும் இடத்தில் போட்டோ, வீடியோ இரண்டிலும் டிக்கை எடுத்துவிடுங்கள், தொட்டால்தான் இறங்கும். பழையதை அழிக்க அங்கேயே 'மேனேஜ் ஸ்டோரேஜ்' இருக்கிறது, எந்த சாட் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பெரியம்மா அநேகமாக முதல் இடத்தில் இருப்பார். மொத்தமாக அழிப்பதற்கு முன்னால் நடுவில் ஏதாவது கல்யாணப் போட்டோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.