வாங்குமுன் கேளுங்கள்: பாரிசவாதக் கைக்கு ரோபோவும் கரண்டும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைக் கேட்கின்றன: பாரிசவாதத்தில் விழுந்த கைக்கு எந்தக் கருவியை வாங்குவது? கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து நான்கு மாதம். வலது கை விரல்கள் மடங்கியே கிடக்கின்றன. காற்றடித்து விரல்களை விரித்து மடக்கும் ரோபோக் கையுறை ஒன்றைக் கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பப் போகிறார். நல்லதுதானே?
— வாசகி, புதுக்குடியிருப்பு

அண்ணாவின் மனம் நல்லது. கையுறையைப் பற்றி அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஐக்கிய இராச்சியத்தில் 770 பேரை வைத்து நடத்திய 'ராட்டுல்ஸ்' என்ற ஆய்வின் முடிவு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அதில் பயன்பட்டது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான, மேசையளவுப் பெரிய ரோபோ. ஒரு தடவைக்கு 45 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கையால் வேலை செய்யும் திறனில், வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட ரோபோவில் பயின்றவர்கள் குறிப்பிடும்படி முந்தவில்லை. கையின் அசைவில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது கோப்பையைத் தூக்குவதற்கும் சட்டைப் பொத்தான் போடுவதற்கும் போதவில்லை. பெரிய இயந்திரத்தின் கதையே இது என்றால், தபாலில் வரும் கையுறையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று நீங்களே யோசியுங்கள்.

கையுறை தானாக விரல்களை விரிக்கும்போது அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தால் மூட்டு இறுகாமல் இருக்கக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். அது விரிக்கத் தொடங்கும் கணத்தில் அவரும் விரிக்க முயல வேண்டும். மூளை பழகுவது அந்த முயற்சியில்தான். விரல்கள் விறைத்திருந்தால், இயன்மருத்துவர் பார்க்காமல் மாட்டவே வேண்டாம்.

அண்ணாவிடம் வேறொன்று கேளுங்கள்: அப்பாவைக் கிழமைக்கு இரண்டு தடவை சிகிச்சைக்குக் கொண்டுபோய்வர முச்சக்கரவண்டிக் கூலி. மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் புனர்வாழ்வுச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. வன்னியில் பலர் சிகிச்சையை இடையில் விடுவது போக்குவரத்துச் செலவால்தான்.

அம்மாவுக்கு நெஞ்சில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் இருக்கிறது. தோலில் ஒட்டி மின்துடிப்புக் கொடுக்கும் கரண்ட் கருவியை மிகக் குறைந்த அளவில் வைத்துப் பாவிக்கலாமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

கூடாது. பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

வாகனத்தில் வந்த இருவர், 'செத்த நரம்பை எழுப்பும் கருவி' என்று சொல்லி, என் கணவரின் விழுந்த கைக்கு 48,000 ரூபாய்க்கு ஒன்றைத் தந்துவிட்டுப் போனார்கள். காப்பை அடகு வைத்துத்தான் வாங்கினேன். இது நோவுக்குப் பாவிப்பது, கையை அசைக்காது என்று வைத்தியசாலையில் சொல்கிறார்கள். அவர்கள் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. பற்றுச்சீட்டும் இல்லை.
— வாசகி, தருமபுரம்

தங்கச்சி, முதலில் உங்களை நீங்களே நொந்துகொள்வதை நிறுத்துங்கள். கணவரின் கை எழும்ப வேண்டும் என்று காப்பைக் கழற்றியவர் மீது குற்றமில்லை. அந்த ஆசையைத் தெரிந்துகொண்டு வீடு தேடி வந்தவர்கள்தான் குற்றவாளிகள்.

வைத்தியசாலையில் சொன்னது சரி. உங்களிடம் இருப்பது 'டென்ஸ்' கருவி. அது தோலுக்கு அடியிலுள்ள உணர்வு நரம்புகளைச் சுருசுருக்க வைத்து நோவை மறக்கடிக்கும். தசையைச் சுருங்க வைத்துக் கையைத் தூக்கும் கருவி வேறு; அதன் மின்துடிப்பின் அகலமும் வலுவும் வேறு, கரண்டைக் கடத்தும் பட்டையைத் தோலில் ஒட்டும் இடமும் வேறு. இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டியில், ஒரே மாதிரி வயர்களோடு வருவது விற்பவனுக்கு வசதி.

இனிச் செய்ய வேண்டியது: பெட்டியின் எல்லாப் பக்கங்களையும், கருவியின் பின்பக்க எண்ணையும் படமெடுங்கள். அவர்களின் தொலைபேசி எண், வாகன இலக்கம், பார்த்த அயலவர், அடகுச் சீட்டின் திகதி எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அதோடு நின்றுவிடாமல் எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை என்பதும், பொய் சொல்லி விற்பது குற்றம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கின்றன. மருத்துவக் கருவிகளைப் பதிவு செய்வது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. இந்தக் கருவிக்குப் பதிவு உண்டா என்று அங்கும் கேளுங்கள். பொலிஸிலும் ஒரு முறைப்பாடு போடுங்கள். பணம் திரும்பும் என்று வாக்குத் தர மாட்டேன். ஆனால் அடுத்த வீட்டுக்கு அவர்கள் போகுமுன் பெயர் பதிவாகிவிடும்.

முகநூலில் ஒரு காணொளி பார்த்தேன். முதல் நாள் கை தூக்க முடியாத ஐயா, இரண்டு மாதம் கருவி பாவித்தபின் தானே தேநீர் குடிக்கிறார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?
— வாசகர், மல்லாவி

நிறைய வேண்டும். இந்த 'முன்னும் பின்னும்' காணொளிகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிசவாதம் வந்த முதல் கிழமைகளிலும் மாதங்களிலும் மூளை தானாகவே ஓரளவு மீள்கிறது. வீக்கம் வடியும், பாதிக்கப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள பகுதிகள் வேலையை ஏற்கும். கையில் தெரியும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்தில் வருவதுதான். கருவி விற்பவன் வந்து நிற்பதும் அதே மூன்று மாதத்தில்தான். காலபோக மழையில் வயல் நிறைந்தபின், 'என் பம்ப் இறைத்த தண்ணீர்' என்று கூலி கேட்டு நிற்பவனை என்ன செய்வோம்? காணொளியில் வரும் ஐயா பொய் சொல்லவில்லை. அவருக்குக் கை வந்தது உண்மை. எதனால் வந்தது என்பது அவருக்கும் தெரியாது. அதனால்தான் ஆய்வுகளில் கருவி பாவிக்காத ஒரு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். காணொளியில் அந்தக் கூட்டம் எங்கே? கருவி வாங்கியும் கை எழும்பாதவர்கள் எங்கே? அவர்களை யார் படமெடுக்கிறார்கள்?

முழங்கால் நோவுக்கு ஒரு காந்தப் பட்டி, இப்படியொரு காணொளியின் தயவால், என் அலுமாரியில் கிடக்கிறது. வேண்டுமானால் வந்து எடுத்துப் போகலாம்.

முகநூல் பக்கமொன்றில் பார்த்து, தனியார் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு 35,000 ரூபாய் போட்டுக் கருவி எடுத்தேன். செருகியதும் புகைந்துவிட்டது. அடப்டரில் 120 வோல்ட் என்று இருக்கிறதாம். பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். அவர்களின் முகவரி தெரியாது.
— வாசகர், வவுனியா

முகவரி தெரியாதவருக்குப் பணம் போட்டீர்கள். அடப்டரில் எழுதியிருந்ததைப் புகைந்தபின் வாசித்தீர்கள். நம்முடைய மின்சாரம் 230 வோல்ட். வட அமெரிக்காவுக்குச் செய்த அடப்டர் அதைத் தாங்காது. '100-240' என்று போட்டிருந்தால் மட்டும் செருகலாம். புதுக்குடியிருப்பு வாசகியும் இதைக் கவனிக்க வேண்டும். வங்கிச் சீட்டை எடுத்துக்கொண்டு 1977க்கு முறைப்பாடு செய்யுங்கள். கருவி எரியாமல் அடப்டர் மட்டும் எரிந்திருக்கலாம். நல்ல மின்திருத்துநரிடம் காட்டுங்கள்.

அம்மாவின் தோள் மூட்டு கீழே இறங்கித் தொங்குகிறது. இதற்குக் கரண்ட் பிரயோசனமா?
— வாசகி, முள்ளியவளை

கரண்டுக்கு ஓரளவு நல்ல சாட்சி இருக்கும் இடம் இதுதான். பாரிசவாதம் வந்து அதிக நாள் கடக்குமுன், தோளின் மேலும் பின்னுமுள்ள தசைகளுக்குக் கொடுத்தால் மூட்டு இறங்குவது குறைகிறது. பட்டை ஒட்டும் இடத்தை இயன்மருத்துவரே குறித்துத் தர வேண்டும். கழுத்தின் முன்பக்கத்தில் ஒருபோதும் ஒட்டக் கூடாது. உணர்வு செத்த தோலில் சுட்டாலும் அம்மாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் தோலைப் பாருங்கள். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இருக்கும்போது முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள்.

நல்ல கையை மூடிவைத்து விழுந்த கையைப் பழக்கும் 'விசேட கையுறை' 9,000 ரூபாயாம். வாங்கலாமா?
— வாசகர், பரந்தன்

சிகிச்சை உண்மையானது. 2006இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 222 பேர் பங்குபற்றினார்கள், பலன் தெரிந்தது. ஆனால் விழுந்த கையின் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது தாமாக விரிபவர்களுக்குத்தான் அது. அந்தக் கையுறைக்குப் பதிலாக நல்ல கையில் ஒரு தடித்த காலுறை போதும்.

கையில் ஐயாயிரம்தான் இருக்கிறது. எதை வாங்கலாம்?
— வாசகி, நெடுங்கேணி

ஒரு முகக்கண்ணாடி; பிடித்து எடுத்துப் பழக உடுப்புக் கிளிப் ஒரு பை, இரண்டு பிளாஸ்டிக் கோப்பை. கண்ணாடியை நெஞ்சின் நடுவுக்கு நேரே, இரண்டு கைகளுக்கும் இடையில், முகம் நல்ல கையைப் பார்க்க நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்துக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். விழுந்த கையே அசைவதாக மூளைக்குத் தோன்றும். இதற்கு ஆய்வுச் சாட்சி உண்டு. மிச்சக் காசை பஸ்ஸுக்கு வையுங்கள்.

கரண்ட் கருவியின் பட்டைகள் ஒட்டுவதில்லை. பிளாஸ்டர் போட்டு ஒட்டலாமா?
— வாசகர், விசுவமடு

வேண்டாம். பாதி ஒட்டிய பட்டையில் கரண்ட் ஒரே இடத்தில் குவிந்து தோலைச் சுடும். பட்டைகள் தேய்ந்துபோகும் பொருள். கருவியின் விலையைக் கேட்குமுன் பட்டையின் விலையையும் அது கிடைக்கும் கடையையும் கேட்டிருக்க வேண்டும். நான் வாங்கிய தண்ணீர் வடிகட்டிக்கு வடிகட்டும் உருளை கொழும்பில் மட்டும்தான் கிடைக்குமாம். இப்போது அது வெறும் வாளி. உங்கள் கருவியின் வயர் முனையைப் படமெடுத்து வைத்தியசாலை இயன்மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு நிறுவனத்தின் பட்டை பொருந்தலாம்.