அந்தப் புள்ளிகள் கைவேலைதானா?

கேள்வி: டோக்கியோவில் பழைய கிமோனோ விற்கும் கடையில் ஒரு பட்டு கிமோனோ பார்த்தேன். தள்ளி நின்றால் வெறும் சாம்பல் நிறம். கிட்டப் போனால் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள், வில்போல வளைந்த வரிசைகளில். ‘எடோ கோமோன், கைவேலை’ என்று விலை அதிகம் சொல்கிறார்கள். நம்பி வாங்கலாமா? வீட்டில் துவைக்கலாமா?

பதில்: எடோ கோமோன் என்றால் துளையிட்ட தாளை வைத்துச் சாயமிட்ட பொடி வடிவத் துணி. நீங்கள் சொல்வது அதில் ‘சாமே’, அதாவது சுறாத்தோல் வடிவம் போலிருக்கிறது. ஜப்பானின் கிஷு பகுதியை ஆண்ட தோகுகாவா குடும்பத்துச் சாமுராய்களின் உடையில் இருந்தது. ஆனால் இன்று இயந்திர அச்சிலும் இதே வடிவம் வருகிறது.

கைவேலையில் புள்ளி எப்படி விழுகிறது தெரியுமா? பெர்சிமன் காயின் துவர்ச்சாறு கொண்டு ஒட்டிய கெட்டிக் காகிதத்தில், மியே மாகாணத்துச் சுசுகா நகரின் கைவினைஞர்கள் துளை குத்துகிறார்கள். அதைப் பட்டின் மேல் வைத்து, ஒட்டரிசி மாவும் தவிடும் வேகவைத்த பசையைத் தேய்ப்பார்கள். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயம் பூசி, ஆவியில் வேகவைத்து அலசினால் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு கிமோனோவுக்குச் சுமார் 12 மீட்டர் துணி. அதே தாளைப் பல டஜன் தடவை நகர்த்தி வைக்க வேண்டும்.

ஒரு தடவை வைத்த இடமும் அடுத்த தடவை வைத்த இடமும் சேரும் இணைப்பைத்தான் தேடுங்கள். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். துணியின் அகலவாட்டில், சம இடைவெளியில், புள்ளிகள் துளி நெருங்கியோ விலகியோ ஒரு கோடு தென்பட்டால் கை நகர்த்தியிருக்க வாய்ப்பு உண்டு. தேர்ந்தவர் வேலையில் அதுவும் லேசில் கிடைக்காது! இங்க்ஜெட் அச்சு என்றால் புள்ளியின் ஓரம் மங்கிக் கசியும், சாம்பலுக்குள் வேறு நிறத் துகள்கள் தெரியும். பின்பக்கம் வெளுத்திருப்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு கட்டாதீர்கள்.

ஸ்கிரீன் அச்சைப் பிரித்தறிவதுதான் கஷ்டம், லென்ஸும் ஏமாற்றும். அதனால் துணியின் முனைத் துண்டோ, சாயமிட்டவர் பெயர் உள்ள சான்றுச்சீட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நான் கைவேலை விலை கொடுக்க மாட்டேன். வடிவம் பிடித்திருந்தால் அச்சு விலைக்குப் பேசி வாங்குங்கள், தப்பில்லை.

துவைப்பதா? வேண்டவே வேண்டாம். பட்டு சுருங்கும், உள்துணி ஒரு பக்கம் இழுக்கும். உடுத்தியபின் நிழலில் காற்றாட விடுங்கள். அழுக்கு ஏறிவிட்டால் தையலைப் பிரித்து, அலசி, இழுத்துக் காயவைக்கும் ‘அராய்ஹரி’ செய்பவரிடம் கொடுங்கள். மறுபடி தைக்கும் கூலியையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.