மணலில் ஓடும் ஆர்.சி. கார்: மோட்டாரை டேப் ஒட்டி மூடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. பக்கி கார் வாங்கிக் கொடுத்தேன். பிரஷ் (சுழலும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் துண்டு) வைத்த 540 அளவு மோட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சொத்தவிளையிலும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் ஓட்டுவான். ஆறு மாதத்தில் இரண்டு மோட்டார் போய்விட்டன. முதலாவது கரகரவென்று சத்தம் போட்டு இறுகிவிட்டது. இரண்டாவது தீய்ந்த வாடையோடு நின்றுபோனது. மோட்டாரில் இருக்கும் காற்றுத் துளைகளை டேப் ஒட்டி அடைத்துவிடலாமா? பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மாறினால் தொல்லை தீருமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். உங்கள் முதல் மோட்டாரைக் கொன்றது மணல். இரண்டாவதைக் கொன்றது சூடு. துளைகளை அடைத்தால் மணல் கொஞ்சம் குறையும், சூடு ஏறிவிடும். அந்த மோட்டார் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதே அந்தத் துளைகள் வழியாகத்தான்.

மணலில் ஓட்டும்போது ஏன் இவ்வளவு சூடாகிறது என்றால், கடற்கரை மணலில் நாம் நடக்கும்போது கால் வலிப்பது எதனாலோ அதனால்தான். சக்கரம் புதைகிறது, புதைந்ததிலிருந்து ஏறி வர மோட்டார் முழுப் பலத்தையும் போட வேண்டியிருக்கிறது. தார்ச் சாலையில் சுலபமாகச் சுழல்கிற அதே மோட்டார், தளர்ந்த மணலில் பல மடங்கு கரன்ட்டை இழுக்கும். வண்டி புதைந்து நின்றபின்னும் பையன் ட்ரிகரை அழுத்திக்கொண்டே இருந்தால், சுற்றாத மோட்டாருக்குள் போகும் கரன்ட் அத்தனையும் சூடாக மாறும். சுருளின் வார்னிஷ் கருகும் வாடைதான் உங்களுக்கு வந்த வாடை. எனவே மகனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இது: வண்டி புதைந்தால் ட்ரிகரை விட்டுவிட்டு, நடந்துபோய்க் கையால் தூக்கி வை.

அடுத்தது பினியன். மோட்டார் ஷாஃப்ட்டில் இருக்கும் அந்தச் சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றிப் பற்களை எண்ணுங்கள். 20 பல் இருந்தால் 18 பல் உள்ளதாக மாற்றுங்கள். உச்ச வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும், மணலில் அது தெரியவே தெரியாது. மோட்டாருக்கோ பாரம் நன்றாகக் குறையும். பெரிய துடுப்புப் போன்ற பட்டைகள் உள்ள மணல் டயர் போட்டிருந்தால் இந்த மாற்றம் கட்டாயம் வேண்டும். பினியனைப் பொருத்தும்போது, அதற்கும் பெரிய ஸ்பர் கியருக்கும் நடுவில் ஒரு நோட்டுப் புத்தகத் தாள் கீற்றை விட்டு இரண்டையும் நெருக்கி ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுழற்றித் தாளை வெளியே எடுத்தால் சரியான இடைவெளி கிடைத்திருக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி மோட்டாரின் மேல் விரல் வைத்துப் பாருங்கள். முதலில் லேசாகத் தொட்டுவிட்டு, பிறகு வையுங்கள். மூன்று நொடி வைக்க முடிகிறதென்றால் ஓட்டலாம். உடனே கையை எடுக்க வைத்தால் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 70 டிகிரி செல்சியஸை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்துப் பார்க்க வாங்கிய துப்பாக்கி வீட்டில் இருக்கும், அது இதற்கு உதவாது. மனித உடம்பின் சூட்டை அளக்க மட்டுமே செய்யப்பட்டது அது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் தொழிற்சாலை வகைதான் வேண்டும்.

இனி மணலுக்கு வருகிறேன். உங்கள் ஊர் மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையில் கறுப்புக் கறுப்பாகப் படிந்திருக்கிறதே, அதில் இல்மனைட் என்ற இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம் நிறைய உண்டு. காந்தம் அதை இழுக்கும். அங்குள்ள ஆலையில் மற்ற மணலிலிருந்து அதைப் பிரிப்பதற்கும் காந்தத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம். சாதாரண மணல் ஒரு துளையில் நுழைந்து இன்னொரு துளையில் கொட்டிவிடக்கூடும். இந்தக் கறுப்பு மணல் உள்ளே போனால் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே குடியிருக்கும். காந்தத்துக்கும் சுழலும் பாகத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிதான். அதில் மணி மணியாக மாட்டி உரசினால் வரும் சத்தம்தான் நீங்கள் கேட்ட கரகர. சந்தேகமாக இருந்தால் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் மணலில் புரட்டிப் பாருங்கள். தாடி முளைத்ததுபோல் ஒட்டிக்கொண்டு வரும். அந்த இடத்தில் வண்டியை ஓட்டாமல் இருப்பதே நல்லது. சொத்தவிளையிலும் கறுப்புக் கோடுகளை விலக்கி, அலை வந்துபோய் லேசான ஈரத்தோடு இறுகியிருக்கும் தரையில் ஓட்டச் சொல்லுங்கள். சக்கரமும் புதையாது, மணலும் அவ்வளவாகப் பறக்காது. ஆனால் அலைக்குள் விடக் கூடாது.

மணல் எந்த வழியாக மோட்டாருக்கு வருகிறது என்று ஒருநாள் தரையோடு குனிந்து பாருங்கள். முன்சக்கரங்கள் வாரி இறைப்பது சேசிஸின் (வண்டியின் அடித்தட்டு) மேல் விழுகிறது, அங்கிருந்து பின்னால் ஓடி மோட்டாரின் அடியில் குவிகிறது. அடைக்க வேண்டியது இந்த வழியைத்தான். வீட்டில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கிடந்தால் அதைவிட நல்ல பொருள் இல்லை. வளையும், உடையாது, கத்தரியில் வெட்டலாம். முன்சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு தடுப்பும், மோட்டாருக்கு முன்னால் சேசிஸ் அகலத்துக்கு ஒரு தடுப்பும் வெட்டி, ஒட்டு வெல்க்ரோவால் நிறுத்துங்கள். மோட்டாரின் மேற்புறமும் பின்புறமும் திறந்தே இருக்கட்டும். கியர் மூடி வண்டியோடு வந்திருக்கும். பினியன் மாற்றும்போது கழற்றியதைத் திரும்பப் போடாமல் விட்டுவிடுபவர்கள் அதிகம். தேடி எடுத்துப் போடுங்கள்.

மோட்டாரின் மேல் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால், பெண்கள் அணியும் மெல்லிய நைலான் ஸ்டாக்கிங்கை ஒரே ஒரு மடிப்பாகப் போர்த்தி கேபிள் டையால் கட்டலாம். பினியன் பக்கம் நூல் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நைலான் உருகும் பொருள், ஆகவே சூட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மாவுபோன்ற தூசியை அது தடுக்காது, மணலைத் தடுக்கும். கூலிங் ஃபேன் வைத்திருந்தால் கடற்கரையில் கழற்றிவிடுங்கள். துளையுள்ள மோட்டாருக்கு மேல் ஃபேன் வைப்பது மணலை ஊதி உள்ளே அனுப்புவதாகத்தான் முடியும்.

எண்ணெய் விஷயத்தில்தான் நான் பார்க்கும் வண்டிகளில் பாதி கெட்டுப்போயிருக்கின்றன. மணல் புகுந்து சத்தம் வந்தவுடன் தேங்காய் எண்ணெயை ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் சாணை பிடிக்கும் பசைதான். குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவில் 7, பிரஷ் உரசும் செம்பு உருளைக்கு 3 மட்டுமே. அந்தச் செம்பின் மேல் எண்ணெய் படவே கூடாது. ஷாஃப்ட் வெளிவரும் இரண்டு முனைகளிலும் உள்ள புஷ்ஷுக்கு, தையல் மிஷின் எண்ணெயை இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து ஆளுக்கு ஒரு சொட்டு விட்டு, வழிந்ததைத் துடைத்துவிட்டால் போதும். பினியனுக்கும் ஸ்பர் கியருக்கும் கிரீஸ் வேண்டாம்.

ஓட்டி முடித்ததும் கடற்கரையிலேயே பேட்டரியைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகப் பிடித்து, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பங்க்சர் கடையில் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். அந்த அழுத்தம் வெளியே ஒட்டியிருக்கும் மணலை பேரிங்குக்குள் திணித்துவிடும். கேமராக்காரர்கள் லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் ஊதி போதும், துளை கீழே பார்த்தபடி இருக்க ஊதுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடையுங்கள். கடல் மணலில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அடுத்த ஞாயிறுக்குள் ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடித்துவிடும். மோட்டாரைக் கழுவ வேண்டியிருந்தால் எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்து முழுக்கக் காயவிட்டு, அதன் பிறகே பேட்டரி இணைக்க வேண்டும். பெட்ரோல் வேண்டாம் என்பதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிரஷ் மோட்டார் சுழலும்போது உள்ளே தீப்பொறி வரும். குழந்தை கையில் பிடித்திருக்கும் பொருள் அது.

பிரஷ்லெஸ்ஸுக்கு மாறலாமா என்ற கேள்விக்கு, மாறலாம் என்றே சொல்வேன். தேயும் பிரஷ்ஷும் செம்பு உருளையும் அதில் கிடையாது. முழுக்க மூடிய உடல் உள்ளதாக, சென்சார் இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். சுருள் வெளி உடலோடு ஒட்டியிருப்பதால் துளையில்லாமலே சூடு வெளியே போகும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யையும் சேர்த்து மாற்ற வேண்டும், செலவு கூடும். பேரிங்குகளுக்கு மட்டும் மணல் அப்போதும் எதிரிதான்: 3500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3500 சுற்று) மோட்டார் 8.4 வோல்ட்டில், பாரம் இல்லாதபோது, நிமிடத்துக்கு 29,400 சுற்று சுற்றும். மாதம் ஒருமுறை மோட்டாரைக் கழற்றி ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றுங்கள். காந்தத்தால் சீரான இடைவெளியில் தட்டுத் தட்டென்று நிற்பது இயல்பு. அந்தத் தட்டுகளுக்கு நடுவில் நறநறவென்று ஒழுங்கில்லாமல் உரசினால் பேரிங்கை மாற்றுங்கள். பேரிங்கின் விலை மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

செத்துப்போன அந்த இரண்டு மோட்டாரும் இன்னும் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். பின்பக்கம் மடக்கியிருக்கும் தகடுகளை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, மகனோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். செம்பு உருளையில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் அது மணலின் வேலை. சுருள் கறுத்து, செம்பு நீலம் பாய்ந்திருந்தால் சூட்டின் வேலை. காந்தத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு மணலை டேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டுங்கள்.