லோரி ஏற்றி இறக்கவா இவ்வளவு படிப்பு? பாடாங் செராய் அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

தம்பி ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை கூலிம் பக்கம் ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குப் போகிறான், இப்போது, சரக்கு அனுப்புவது, கிடங்கு நடத்துவது பற்றிய படிப்பான ‘லோஜிஸ்டிக்ஸ்தான் படிப்பேன்’ என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்திலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தது மூட்டை தூக்கவா என்பது உங்கள் கவலை. “வழியைத்தான் கைப்பேசியே சொல்லுதே, அதுக்கு எதுக்குப் பட்டம்?” என்பது அவன் அப்பாவின் கேள்வி. அப்பா கேட்டிருப்பதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் உங்கள் கவலையும் பாதி தீரும்.

கைப்பேசி சொல்வது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழி. கிடங்கில் விடியற்காலையில் எழும் கேள்வி வேறு. நாற்பது கடைகளுக்குச் சரக்கு இருக்கிறது, மூன்று லோரி நிற்கிறது. எந்தக் கடை எந்த லோரியில், எந்த வரிசையில்? கூகுள் மேப்ஸில் பல இடங்களைப் போட்டால் நாம் போட்ட வரிசையிலேயே வழி காட்டும். எதை முதலில் பார்ப்பது என்று அது மாற்றித் தராது. பத்தே பத்துக் கடைகளை வரிசைப்படுத்த 3,628,800 விதம் உண்டு. பதினைந்து கடை என்றால் 1.3 டிரில்லியனைத் தாண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிற பேச்சே இல்லை.

பெட்ரோல் லோரிகளுக்காக இந்தக் கணக்கை டான்சிக், ராம்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1959-இல் எழுதி வைத்தார்கள். 1964-இல் கிளார்க், ரைட் என்பவர்கள் பென்சிலும் தாளும் வைத்தே போடக்கூடிய ஒரு முறையைக் கொடுத்தார்கள். ‘மிச்சக் கணக்கு’ என்று சொல்லலாம். இன்றைய மென்பொருள்களுக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது. கீழே உள்ளதைத் தம்பியிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எண்கள் பயிற்சிக்காக வைத்தவை.

கிடங்கிலிருந்து நான்கு கடைகள்: அ 12 கிலோமீட்டர், ஆ 15, இ 10, ஈ 9. கடைகளுக்கு இடையே: அ–ஆ 5, இ–ஈ 4, ஆ–இ 20, அ–இ 19, அ–ஈ 18, ஆ–ஈ 21. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகப் போய் வந்தால் மொத்தம் 92 கிலோமீட்டர். இப்போது ஒவ்வொரு ஜோடிக்கும், கிடங்கிலிருந்து இரண்டு கடைகளுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டி, அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். வருவதுதான் மிச்சம், அதாவது அந்த இரண்டையும் ஒரே சுற்றில் சேர்த்தால் குறையும் தூரம். அ–ஆ: 12+15−5 = 22. இ–ஈ: 10+9−4 = 15. ஆ–இ: 15+10−20 = 5. மற்ற மூன்றுக்கும் 3 தான் வரும். அதிக மிச்சம் தரும் ஜோடியை முதலில் இணை, அடுத்ததை அடுத்து இணை. அ–ஆ ஒன்று, இ–ஈ ஒன்று என்று இரண்டு சுற்று ஆகும்போதே 92 என்பது 55 ஆகிவிடுகிறது. ஆ–இ-யையும் இணைத்தால் ஒரே சுற்று, 50 கிலோமீட்டர்.

பெரும்பாலானோர் இயல்பாகச் செய்வது, பக்கத்தில் இருப்பதற்கு முதலில் போவது. அப்படிப் போனால் ஈ, இ, அ, ஆ, கிடங்கு: 9+4+19+5+15 = 52. கடைசி இரண்டு கடைகளை இடம் மாற்றினால் 50-க்கு இறங்கும். போட்ட வழியில் இரண்டு கோடுகளை வெட்டி, நடுவில் உள்ளதைத் திருப்பிப் போட்டு, குறைகிறதா என்று பார்க்கும் இந்த வேலைக்கு ‘டூ-ஆப்ட்’ என்று பெயர். மென்பொருள் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் செய்வது இதையும் இதன் உறவுகளையும்தான்.

இனிமேல்தான் விஷயம். ஒரு டன் ஏற்றும் லோரி, கடைகளின் சரக்கு 400, 350, 300, 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 1,300. 50 கிலோமீட்டர் வழி தாளில் அழகாக இருக்கும், லோரியில் ஏறாது. 750 கிலோ ஒரு சுற்று, 550 கிலோ இன்னொரு சுற்று, ஆக 55 கிலோமீட்டர்தான் நிஜம். பாரம், நேரம், டோல், ஆள் என்று இப்படி ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் கணக்குக்குள் கொண்டுவரத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம். பட்டனைத் தட்ட யாரும் வரலாம்.

எங்கே தவறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி வேலை அங்கேதான். முதலில் முகவரி. தோட்டத்து வீட்டு முகவரியில் தோட்டத்தின் பெயரும் 09400 என்ற அஞ்சல் குறியீடும் மட்டுமே இருந்தால், சிஸ்டம் பல சமயம் அத்தனையையும் டவுன் நடுவில் ஒரே புள்ளியில் குத்தி வைக்கும். தாளில் பத்து பார்சலுக்கும் தூரம் பூஜ்யம். நிஜத்தில் ஒன்று செம்பனைக் காட்டுக்கு அந்தப் பக்கம், மழை பெய்தால் வேன் இறங்காத செம்மண் பாதையில். நல்ல பிளானர் ஒருவர், முந்தைய டெலிவரிகளில் ஓட்டுநரின் கைப்பேசி பதிவு செய்த இடத்தை எடுத்துப் புள்ளியைத் திருத்தி வைப்பார். மென்பொருளை மாற்றுவதைவிட இது பலன் தரும்.

அடுத்தது நேர்கோட்டுத் தூரம். பட்டர்வொர்த்தும் ஜார்ஜ்டவுனும் கடலுக்கு இக்கரை அக்கரை, வரைபடத்தில் கைக்கெட்டும் தூரம். இப்போதைய ஃபெர்ரியில் லோரி ஏறாது. 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்துக்குச் சுற்றி வர வேண்டும். நேர்கோட்டில் கணக்குப் போட்ட ரூட் அங்கேயே உடையும்.

மூன்றாவது, கடையில் நிற்கும் நேரம். ஒரு கடைக்கு ஆறு நிமிடம் என்றாலும் 25 கடைக்கு இரண்டரை மணி நேரம். ஓடும் நேரத்தை மட்டும் கணக்கிட்ட திட்டத்தில் மதியத்துக்குள் எல்லாமே தாமதமாகிவிடும், பழி ஓட்டுநர் தலையில் விழும். சரக்கை ஏற்றும் வரிசையும் உண்டு: கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்ற வேண்டும். ரூட்டை மாற்றிவிட்டு ஏற்றும் வரிசையை மாற்றச் சொல்ல மறந்தால், கெலிண்டான் (லோரி உதவியாளர்) ஒவ்வொரு கடையிலும் பாதிச் சரக்கை இறக்கி மறுபடி ஏற்றிக்கொண்டிருப்பார்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. பாடாங் செராய் இருக்கும் கெடா மாநிலத்தில் பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. பாலம் தாண்டக்கூட வேண்டாம், பினாங்கு மாநில எல்லைக்குள் நுழைந்தாலே சனி, ஞாயிறு. பாடாங் செராயிலிருந்து இரண்டு பக்கப் பள்ளிக் கேன்டீன்களுக்கும் சரக்கு போகிறது என்றால், ஒரே லோரியில் இரண்டையும் சேர்க்கக்கூடிய நாள் திங்கள் முதல் வியாழன் வரை நான்குதான். வெளிநாட்டு மென்பொருள் எதற்கும் இது தானாகத் தெரியாது. இங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். தம்பி இந்த ஊர்க்காரன் என்பது இந்தத் தொழிலில் ஒரு தகுதி, அதை அவனிடம் சொல்லுங்கள்.

சரி, கிடங்குக்குள் வருவோம். அவன் இப்போது செய்வது பிக்கிங் என்று எழுதியிருந்தீர்கள்: கையில் ஸ்கேனர், ரேக் ரேக்காக நடந்து பொருள் எடுப்பது. அதைக் கீழ்வேலை என்று நினைக்காதீர்கள். கிடங்குச் செலவில் பெரும்பங்கு பிக்கிங்குக்குத்தான் போகிறது, பிக்கர் நேரத்தில் ஏறக்குறைய பாதி நடையில் போகிறது என்பது இத்துறைப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு. நடையைக் குறைத்தால் செலவு குறையும், கால்வலியும் குறையும்.

ஒரு சின்னக் கணக்கு. ரேக்குகளுக்கு நடுவே நான்கு சந்து, ஒவ்வொன்றும் 20 மீட்டர் நீளம், சந்துக்குச் சந்து 4 மீட்டர். முதல் சந்தின் வாசலில் தொடங்கி அங்கேயே முடிக்க வேண்டும். எடுக்க வேண்டியவை: முதல் சந்தில் வாசலிலிருந்து 3 மீட்டரில், இரண்டாவதில் 17-இல், மூன்றாவதில் 4-இல், நான்காவதில் 5-இல். ஒரு சந்தில் ஏறி அடுத்ததில் இறங்கி, பாம்புபோல வளைந்து போனால் 104 மீட்டர். ஒவ்வொரு சந்திலும் பொருள்வரை போய் அதே வாசலுக்குத் திரும்பினால் 82. முதலாவதையும் கடைசியையும் முழுக்கக் கடந்து, இரண்டாவதன் பொருளைப் பின்பக்கமிருந்தும் மூன்றாவதன் பொருளை முன்பக்கமிருந்தும் எடுத்தால் 78. ஒவ்வொரு சந்திலும் பொருளே இல்லாத பெரிய இடைவெளியை நடக்காமல் விடுவதுதான் இதன் சூட்சுமம்.

பிறகு ஏன் பல கிடங்குகளில் இன்னும் பாம்பு வழி? முன்னும் பின்னும் மட்டும் குறுக்கு வழி உள்ள கிடங்குக்கு மிகக் குறுகிய நடையைக் கண்டுபிடிக்கும் முறையை ராட்லிஃப், ரோசென்தால் என்ற ஆய்வாளர்கள் 1983-லேயே தந்துவிட்டார்கள். கணக்குக்குக் குறையில்லை. ஆனால் ‘இங்கே பாதி போ, திரும்பு, அங்கே பின்னால் வா’ என்றால் பிக்கர் குழம்பி ஒரு பொருளை விட்டுவிடுவார், திரும்பி வரும் நடையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். குறுகிய சந்தில் இருவர் எதிரெதிரே வந்தால் தள்ளுவண்டி முட்டும். ஒரு சந்தில் எடுக்கும் பொருள் அதிகமாக ஆக, பாம்பு வழிதான் லாபமும்கூட. எந்தக் கிடங்குக்கு எது என்று தீர்மானிக்க, கணக்கும் தெரிய வேண்டும், தரையில் நடந்தும் இருக்க வேண்டும். தம்பி இப்போது நடந்துகொண்டிருக்கிறான்.

வழியைவிட, பொருளை எங்கே வைப்பது என்பது பெரிய ஆயுதம் என்பேன். வேகமாகப் போகும் பொருள் முன்னால், இடுப்பு உயரத்தில். மெதுவாகப் போவது பின்னால், மேல்தட்டில். கனமான அரிசி மூட்டை எடுக்கும் வழியின் தொடக்கத்தில் இருக்க வேண்டும், முட்டையும் அப்பளமும் கடைசியில். இல்லாவிட்டால் முட்டைமேல் அரிசி உட்காரும். போன மாத விற்பனையை வைத்து அடுக்கிய ரேக், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உதவாது. முறுக்கு மாவும் நெய்யும் மூலைத்தட்டில் இருக்க, பிக்கர்கள் எல்லாரும் அந்த ஒரே சந்தில் நெரிசலாக நிற்பார்கள்.

இனி படிப்பு. கணிதமும் ஆட் மேத்ஸும் (கூடுதல் கணிதம்) எப்படி வந்திருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள். ஆட் மேத்ஸ் நன்றாக இருந்தால், ‘லோஜிஸ்டிக்ஸ்’ என்ற பெயர் உள்ள படிப்பை மட்டும் தேடாதீர்கள். இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், மேலே போட்டதுபோன்ற கணக்குகளால் முடிவெடுக்கச் சொல்லித்தரும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச், டிசிஷன் சயின்ஸ் ஆகியவையும் இதே வேலைக்குத்தான் வரும், ஒரு படி மேலேயே வரும். சிந்தோக்கில் உள்ள யு.யு.எம். (வட மலேசியப் பல்கலைக்கழகம்) உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது, லோஜிஸ்டிக்ஸ் பட்டமும் உண்டு, டிசிஷன் சயின்ஸும் உண்டு. அங்கே போக எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு), மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு), டிப்ளோமா எதுவாக இருந்தாலும் வழி இருக்கிறது. என் அபிப்பிராயம்: மதிப்பெண் இடம் கொடுத்தால் மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். வழி. நடுத்தரமாக இருந்தால் பாலிடெக்னிக் டிப்ளோமா. செலவு குறைவு, பிறகு பட்டத்துக்கும் போகலாம். அரசு உயர்கல்வி நிலையங்களில் இடம் கேட்கும் யு.பி.யு. விண்ணப்பத்துக்குத் தேதி உண்டு. ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

தனியார் கல்லூரிக்காரர்கள் ‘லோஜிஸ்டிக்ஸ், வேலை நிச்சயம்’ என்று வீட்டுக்கே வருவார்கள். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் பாரத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பு) பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயர் இருக்க வேண்டும். பிறகு பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன்ஸ் ரிசர்ச், புள்ளியியல், கிடங்கு மேலாண்மை மூன்றும் அதில் இருக்க வேண்டும். ‘அறிமுகம்’, ‘அடிப்படைகள்’ என்ற தலைப்புகளாகவே நிரம்பியிருந்தால் வேண்டாம்.

படிப்பு தொடங்கும்வரை தம்பிக்கு வேலை இருக்கிறது. எக்ஸெல்லில் மேலே உள்ள நான்கு கடைக் கணக்கைத் தானே போடட்டும், பிறகு பத்துக் கடைக்கு. அடுத்து பைத்தான், அதன் பிறகு இத்தகைய கணக்குகளைப் போட கூகுள் இலவசமாகத் தரும் ஓ.ஆர்.-டூல்ஸ் மென்பொருள். முதல் தடவை அது தரும் வழியைப் பார்த்து மயங்க வேண்டாம், எந்தக் கட்டுப்பாட்டைச் சொல்ல மறந்தோம் என்று தேடட்டும். கிடங்கின் பில்லையோ வாடிக்கையாளர் முகவரியையோ வீட்டுக்குக் கொண்டுவந்து பயிற்சி செய்யக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வேலை போவதோடு நிற்காது. அவனே கற்பனையாக எண்களை வைத்துக்கொண்டாலே போதும்.

கல்லூரியில் கடைசியாக ஒன்று கேளுங்கள்: தொழிற்பயிற்சிக்கு மாணவர்களை எந்த மேசையில் உட்கார வைக்கிறார்கள்? ஆறு மாதமும் ஸ்கேனர் பிடிக்கவே விடும் இடமானால், அதைத் தம்பி சம்பளத்தோடு இப்போதே செய்துகொண்டிருக்கிறான். ரூட் போடும் மேசை, ஸ்டோக் சரிபார்க்கும் மேசை இரண்டிலும் சில வாரமாவது உட்கார வைப்பதாக எழுத்தில் தந்தால் பேச்சைத் தொடருங்கள்.