கொலம்பஸ் ஏன் கடைசிவரை ஆசியாவை அடைந்துவிட்டதாகவே நம்பினார்? பூமி உருண்டை என்று நிரூபித்தவர் அவர்தானே, கணக்கில் எங்கே தவறினார்?

இரண்டாம் கேள்வியின் முதல் பாதி தவறு. பூமி உருண்டை என்பதில் கொலம்பஸுக்கும் அவரை மறுத்த அறிஞர்களுக்கும் சண்டையே இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டிருந்தார். ‘தட்டை பூமி’ என்று சொன்ன பண்டிதர்களைக் கொலம்பஸ் வாதில் வென்ற காட்சி, 1828-ல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் எழுதிய வாழ்க்கை வரலாற்றால் பரவியது. உண்மையான தகராறு, அந்த உருண்டை எவ்வளவு பெரியது என்பதில்தான். அதில் மறுத்தவர்கள் சொன்னதே சரி.

மேற்கே போய் ஜப்பானை எட்ட எவ்வளவு தூரம் என்று அறிய இரண்டு எண்கள் வேண்டும்: நடுவில் எத்தனை டிகிரி, ஒரு டிகிரிக்கு எத்தனை மைல். இரண்டையுமே கொலம்பஸ் குறைத்தார். புத்தக ஓரங்களில் அவர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு வரலாற்றாசிரியர்கள் அந்தக் கணக்கை இப்படிக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள்.

முதலில் மைல். ஒன்பதாம் நூற்றாண்டு வானியலாளர் அல்-ஃபர்கானி ஒரு டிகிரிக்கு 56 2/3 மைல் என்று எழுதியிருந்தார். நல்ல அளவுதான். ஆனால் அது அரபு மைல், ஏறக்குறைய 1.97 கி.மீ. கொலம்பஸ் அதைத் தனக்குப் பழக்கமான இத்தாலிய மைலாக, அதாவது சுமார் 1.48 கி.மீ. ஆக எடுத்துக்கொண்டார். 56 2/3-ஐ 360-ஆல் பெருக்கினால் 20,400 மைல். அரபு மைலில் அது 40,000 கி.மீ.க்குச் சற்று மேல், கிட்டத்தட்ட உண்மை அளவு. இத்தாலிய மைலில் 30,200 கி.மீ. ஓர் அலகு மாறியதில் பூமியில் கால்வாசி காணாமல் போய்விட்டது.

அடுத்து டிகிரி. ஐரோப்பாவின் மேற்கு முனையிலிருந்து சீனாவின் கிழக்குக் கரை வரை உண்மையில் சுமார் 130 டிகிரி. பண்டைய புவியியலாளர் தாலமி சுமார் 180 என்றார். அவருக்கு முந்தைய டயர் நகரத்து மாரினஸ் 225 என்றார். கொலம்பஸ் மாரினஸைப் பிடித்துக்கொண்டார், ஏனென்றால் நிலம் நீள நீளக் கடல் குறுகும். அதோடு மார்கோ போலோ கண்ட நாடுகளுக்காக 28, சீனாவுக்கு அப்பால் ஜப்பானுக்கு 30. ஆகமொத்தம் 283. 360-ல் கழித்தால் மிச்சம் 77. ஸ்பெயினிலிருந்து அல்லாமல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அருகிலுள்ள கனேரித் தீவுகளிலிருந்து கிளம்புவதால் இன்னும் 9 போக, 68. மாரினஸின் டிகிரியும் கொஞ்சம் பெரிது என்று சொல்லி மேலும் 8-ஐக் கழித்து, 60-க்குக் கொண்டுவந்தார். உண்மையில் அது 200 டிகிரிக்குச் சற்று மேல்.

கனேரியின் அட்சரேகை 28 டிகிரி. அங்கே தீர்க்கரேகையின் ஒரு டிகிரி, நிலநடுக்கோட்டில் இருப்பதைவிடக் குறுகியது: 56 2/3-ஐ 28-இன் கோசைனான 0.883-ஆல் பெருக்க 50 மைல். அறுபது டிகிரிக்கு 3,000 இத்தாலிய மைல், அதாவது சுமார் 4,440 கி.மீ. உண்மைத் தூரம் ஏறத்தாழ 19,600 கி.மீ.

இதில் கவனிக்க வேண்டியது பிழையின் அளவு அல்ல, அதன் திசை. கை தவறிய கணக்கில் ஒரு பிழை கூட்டும், இன்னொன்று குறைக்கும், கொஞ்சம் ஈடுகட்டும். இங்கே ஒவ்வொரு படியிலும் கடல் சுருங்கிக்கொண்டே போகிறது. போகவேண்டும் என்று முடிவெடுத்த பிறகு எண்களைத் தேடியவரின் கணக்கு இது. புளோரன்ஸ் நகர அறிஞர் டோஸ்கனெல்லி 1474-ல் எழுதிய கடிதத்தில், லிஸ்பனிலிருந்து சீனத்தின் கின்சாய் நகருக்கு 6,500 மைல் என்று இருந்தது. அதுவே மிகக் குறைவு, கொலம்பஸ் அதையும் தாண்டிக் குறைத்தார்.

ஸ்பெயினின் அரசி இசபெல்லாவும் அரசர் ஃபெர்டினாண்டும் நியமித்த குழு இந்தத் திட்டத்தை நிராகரித்ததில் வியப்பில்லை. அமெரிக்கா குறுக்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கலாம். 1492 செப்டம்பர் 6-ல் கனேரித் தீவுகளில் ஒன்றான லா கோமெராவிலிருந்து கிளம்பி, 36 நாளில் சுமார் 5,700 கி.மீ. கடந்தார். அதே வேகத்தில் ஜப்பானுக்கு நான்கு மாதம் ஆகும். மெகல்லனின் கப்பல்கள் 1520 நவம்பர் இறுதி முதல் 1521 மார்ச் தொடக்கம் வரை புதிய உணவே இல்லாமல் பசிபிக்கைக் கடந்தபோது பாய்மரத்தில் கட்டிய தோலையும் மரத்தூளையும் எலியையும் தின்றார்கள். 19 பேர் செத்தார்கள்.

இனி, ஏன் கடைசிவரை நம்பினார்? கணக்கு பலித்துவிட்டது, அதுதான் விபரீதம். அறுபதாவது டிகிரியில் ஜப்பான் என்று எதிர்பார்த்தார். கனேரிக்கு மேற்கே 57 டிகிரியில் பஹாமாஸ் தீவு வந்து நின்றது. தவறான கணக்குக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி கிடைக்காது. அதன்பின் எதைப் பார்த்தாலும் ஆசியாதான். கியூபாவில், சீனப் பேரரசராக அவர் எண்ணிய பெரிய கானின் அரசவையைத் தேடி எபிரேயமும் அரபும் தெரிந்த லூயிஸ் தெ தோரெஸை உள்நாட்டுக்கு அனுப்பினார். அவர் கண்டது ஏறக்குறைய ஐம்பது வீடுகள் கொண்ட ஓர் ஊர். 1494 ஜூனில், கியூபா தீவல்ல, பெருநிலம் என்று மாலுமிகளிடம் சத்தியம் வாங்கினார். மீறிப் பேசினால் அபராதம், நாக்கை அறுப்பது வரை தண்டனை.

கருவி வைத்து அளந்தபோதும் இதே கதை. 1504 பிப்ரவரி 29-ல் ஜமைக்காவில் சந்திர கிரகணம். கிரகணம் எல்லா ஊரிலும் ஒரே கணத்தில் நடப்பது. ஐரோப்பிய நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தையும் உள்ளூர் நேரத்தையும் ஒப்பிட்டால், ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் 15 டிகிரி. முறை பிசகில்லை. ஆனால் அவருக்கு வந்த விடை ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்துக்கு மேற்கே 7 மணி 15 நிமிடம், அதாவது 109 டிகிரி. உண்மையில் 71, நேரத்தில் 4 மணி 44 நிமிடம். இரண்டரை மணி நேரப் பிழையை மணற்கடிகாரத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. அந்த 109, ஆசியாவை இன்னும் பக்கத்தில் கொண்டுவருகிறது என்பதையும் பாருங்கள்.

இதையெல்லாம் வைத்து அவருக்குக் கடலோட்டம் தெரியாது என்று முடிவு கட்டுவதும் பிழை. போகும்போது தெற்கே இறங்கிக் கனேரியின் வடகிழக்குக் காற்றைப் பிடித்தார். திரும்பும்போது அதே வழியில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டாமல் வடக்கே ஏறி, மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்றைப் பிடித்தார். பாய்மரக் காலம் முழுவதும் ஸ்பானியக் கப்பல்கள் ஓடியது ஏறக்குறைய அந்தச் சுற்றில்தான். திசைகாட்டி, அரைமணி மணற்கடிகாரம், கண்ணால் மதித்த வேகம் என மூன்றும்தான் முக்கியத் துணை. 1493 பிப்ரவரி 10-ல் நீன்யா கப்பலில் வழிகாட்டி மாலுமிகள் தாங்கள் இருக்கும் இடத்தைப் படத்தில் குறித்தபோது, மற்றவர்கள் போர்ச்சுகலுக்கு மேற்கே அட்லாண்டிக்கில் உள்ள அசோரஸ் தீவுகளைத் தாண்டிக் கிழக்கே வந்துவிட்டதாகக் குறித்தார்கள். இன்னும் வெகுதூரம் பின்னால் இருக்கிறோம் என்றார் கொலம்பஸ். ஐந்து நாளில் எதிரே தெரிந்த நிலம் அசோரஸ்தான்.