மூணு கடவுளா, ஒரே கடவுளா?

கேள்வி: கடவுள் ஒருத்தர்னு சொல்லிட்டு பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரைச் சொல்றாங்களே, அது எப்படி?

பதில்: மூணு கடவுள் இல்லைங்க. பைபிள்ல உபாகமம் 6:4-ல கர்த்தர் ஒருவரேன்னு இருக்கு, அதை இயேசுவே மாற்கு 12:29-ல திரும்பச் சொல்றாரு, அதுல விட்டுக்கொடுக்குற பேச்சே இல்ல. ஆனா மத்தேயு 28:19-ல மூணு பேரையும் சொல்லிட்டு 'நாமத்திலே'ன்னு ஒருமையில வருது பாருங்க, எனக்கு மனசுல நிக்கிற இடம் அது. ஒரே கடவுள் மூணு ஆளா இருக்காருங்கறதைச் சொல்ற திரித்துவம்ங்கற வார்த்தை பைபிள்ல கிடையாது, உண்மைதான். கி.பி. 325-ல சபைத் தலைவர்கள் கூடின நைசியா சங்கத்துலதான் குமாரன் பிதாவோட ஒரே தன்மை உள்ளவர்னு அறிக்கையா எழுதினாங்க. தயவுசெஞ்சு ஒரே தண்ணிதான் ஐஸாவும் நீராவியாவும் மாறுதுங்கற உதாரணம் மட்டும் சொல்லாதீங்க, அது ஒரே ஆளு மூணு வேஷம் போடுற மாதிரி ஆயிடும், ஆனா குமாரனான இயேசு பிதாகிட்ட ஜெபம் பண்ணது நிஜமான பேச்சு, ஒரே ஆளு தனக்குத்தானே பேசினது இல்ல.